ஒரு கிலோ துணிக்கு அரைக் கிலோ உப்பு: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி விலையைப் பற்றி, மீதி ஆற்றைப் பற்றி. படித்துக்கொண்டே போனால் இரண்டும் சாயப்பட்டறை வாசலில் போய்ச் சேருகின்றன. திருப்பூரில் துணிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த நாட்களில் என் மேஜைக்கு வந்த துணி பெரும்பாலும் அங்கிருந்து வந்ததுதான். அதனால் இந்த முறை சாயத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: மகனுக்கு இரண்டு டி-ஷர்ட் வாங்கினேன் அம்மா. ஒன்று 180 ரூபாய், இன்னொன்று 650. இரண்டிலும் '100 சதவீதம் காட்டன்' என்றுதான் போட்டிருக்கிறது. விலை குறைந்தது நாலைந்து துவையலிலேயே கோணிப்போய், பக்கத் தையல் வயிற்றுக்கு வந்துவிட்டது. பருத்தி என்றால் எல்லாம் பருத்திதானே?
(வாசகி, விருதுநகர்)

பதில்: லேபிள் பொய் சொல்லவில்லை, இரண்டும் பருத்திதான். ஆனால் அந்த ஒரு வரியில் பாதி விஷயம்கூடத் தெரியாது.

முதலில் இழையின் நீளம். குஜராத்தில் விளையும் சங்கர்-6 ரகத்தின் இழை 28, 29 மில்லிமீட்டர் இருக்கும். கோயம்புத்தூரில் உருவாக்கி 1974-இல் வெளியிட்ட சுவின் ரகம் 38 மில்லிமீட்டரைத் தொடும். உங்கள் பக்கத்துக் கரிசலில் மானாவாரியாக விதைக்கும் கருங்கண்ணி இவற்றைவிடக் குட்டை. நீள இழைக்கு முறுக்கு கொஞ்சம் கொடுத்தாலே நூல் பிடிப்பாக நிற்கும். குட்டை இழையின் நுனிகள் நூலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உடுத்த உடுத்த உரசலில் அவை சுருண்டு, துணி மேல் குருணை குருணையாகத் திரளும்.

மில்லில் இதற்காகவே பஞ்சைச் சீப்பு வைத்த மெஷினில் வாரி, குட்டை இழைகளை ஒதுக்குவார்கள். எடையில் 15 சதவீதம் வரைகூட இப்படிக் கழியும். வாரிய நூலுக்கு 'கோம்டு' என்றும் வாராததற்கு 'கார்டட்' என்றும் பெயர். நீங்கள் கேட்ட விலை வித்தியாசத்தில் ஒரு பங்கு இங்கேயே வந்துவிடுகிறது.

கோணலுக்கு வருவோம். நூலில் ஏற்றிய முறுக்கு எப்போதும் தளரப் பார்க்கும். பனியன் துணியில் ஒவ்வொரு கண்ணியும், அதாவது நூல் வளையமும், முறுக்கு தளரும் பக்கமாகச் சாயும். சாயமிட்ட துணியை நன்றாக இளக விட்டு, காம்பேக்டிங் மெஷினில் நெருக்கி ஓட்டினால் சாய்வும் சுருக்கமும் பெருமளவு அடங்கிவிடும். இழுத்துப் பிடித்து உலர்த்தி, அன்றைக்கே கட்டிங் டேபிளில் போட்டால் நீளம் கூடுதலாகக் கிடைக்கும். அந்தக் கூடுதல் நீளம் உங்கள் வீட்டு வாளியில்தான் சுருங்குகிறது. வெளிநாட்டு பையர்கள் பொதுவாக 5 சதவீதத்துக்கு மேல் சுருங்கும் சரக்கை ஏற்க மாட்டார்கள். உள்ளூர் மலிவுச் சந்தைக்குப் போகிற துணியை அந்த அளவுக்கு யாரும் அளப்பதில்லை. எனக்கு அதில் இன்றும் வருத்தம் உண்டு, நம் பிள்ளைகளும் அதைத்தானே போடுகிறார்கள்.

அடுத்த முறை கடையில் டி-ஷர்ட்டை மேஜையில் விரித்து, இரண்டு பக்கத் தையலும் நேராக இறங்குகிறதா என்று பாருங்கள். புதிதிலேயே ஒரு விரல் அகலம் சாய்ந்திருந்தால் துவைத்ததும் இன்னும் போகும். பிறகு வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். திட்டுத் திட்டாக மேகம் போலத் தெரிந்தால் நூல் சீராக இல்லை என்று அர்த்தம்.

கேள்வி: ஆன்லைனில் '180 ஜி.எஸ்.எம்., 30-ஆம் நம்பர் நூல்' என்று போடுகிறார்கள். எண் கூடினால் தரம் கூடுமா?
(வாசகர், நாகர்கோவில்)

பதில்: ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, அவ்வளவுதான். பரிசோதனைக் கூடத்தில் வட்டமான ஒரு கட்டரைத் துணி மேல் வைத்து அழுத்தித் திருப்புவோம். 100 சதுர சென்டிமீட்டர் வட்டம் ஒன்று வெட்டுப்பட்டு வரும். அது தராசில் 1.8 கிராம் காட்டினால் 180 ஜி.எஸ்.எம். துணி கனமா மெல்லிசா என்றுதான் இது சொல்லும். மட்டமான நூலிலும் கனத்த துணி பின்னலாம். நம் ஊர் வெயிலுக்கு 140 முதல் 160 வரை போதும் என்பது என் கருத்து.

நம்பர் என்பது நூல் எவ்வளவு மெல்லிசு என்ற கணக்கு. 840 கஜம் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டம் நிற்கிறதோ அதுதான் நம்பர். 30-ஆம் நம்பர் என்றால் 454 கிராம் பஞ்சில் 25,200 கஜம், அதாவது ஏறக்குறைய 23 கிலோமீட்டர் நூல். நம்பர் ஏற ஏற நூல் மெலியும்.

கேள்வி: நெசவுக்கும் பின்னலுக்கும் உள்ள வித்தியாசத்தை எளிமையாகச் சொல்ல முடியுமா?
(கல்லூரி மாணவி, மதுரை)

பதில்: உங்கள் சுடிதார் துணியின் வெட்டிய ஓரத்தில் ஒரு நூலை உருவிப் பாருங்கள். நேராக வரும். நீளவாக்கில் பாவு, குறுக்கே ஊடை, இரண்டும் மாறி மாறி மேலும் கீழும் போகின்றன. அது நெசவு. சோமனூர், பல்லடம் விசைத்தறிக் காடா, சென்னிமலை பெட்ஷீட், காஞ்சிபுரம் பட்டு எல்லாம் இந்த வகை. பழைய பனியனின் ஓரத்தில் நூலை உருவினால் வளைந்து வளைந்து வரும், கண்ணிக்குள் கண்ணி கோத்திருப்பதால். அது பின்னல். கண்ணி விரிந்து கொடுப்பதால்தான் பனியனைத் தலை வழியாக மாட்ட முடிகிறது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். தறியின் ஓட்டத்தில் பாவு நூல் அறுந்துவிடாமல் இருக்கக் கஞ்சி ஏற்ற வேண்டும், நெய்து முடிந்ததும் அந்தக் கஞ்சியைக் கழுவி எடுக்க வேண்டும். பின்னலுக்குக் கஞ்சி கிடையாது. ஆகவே கழுவும் வேலை ஒன்று அங்கே குறைவு.

கேள்வி: பேரக் குழந்தை பிறந்திருக்கிறாள். 'மூங்கில் துணி, முழுக்க இயற்கை' என்று விலை கூடுதலாக விற்கிறார்களே, வாங்கலாமா?
(வாசகி, தஞ்சாவூர்)

பதில்: குழந்தைக்கு வாழ்த்துகள் அம்மா. கடையில் அந்தப் பெயரில் கிடைப்பதில் பெரும்பகுதி விஸ்கோஸ். மூங்கிலை மரக்கூழாக்கி, காஸ்டிக் சோடாவிலும் கார்பன் டைசல்பைடிலும் கரைத்து, கூழைக் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாக அமிலத்துக்குள் பீய்ச்சினால் இழையாக உறையும். மூங்கிலுக்குப் பதில் யூகலிப்டஸ் போட்டாலும் கடைசியில் வருவது இதே இழைதான். அமெரிக்காவில் இப்படி விஸ்கோஸை 'மூங்கில்' என்று விற்ற நிறுவனங்கள் மேல் அந்நாட்டு வணிகக் கண்காணிப்பு ஆணையம் 2009-இலேயே நடவடிக்கை எடுத்தது. 2022-இல் பெரிய கடைகளுக்கு அபராதமும் விழுந்தது.

விஸ்கோஸ் மென்மையானது, பருத்தியைவிட அதிகமாக ஈரம் உறிஞ்சும், குழந்தையின் தோலுக்குக் கெடுதல் கிடையாது. தயாரிக்கும் இடத்தில்தான் சிக்கல். கார்பன் டைசல்பைடு அங்கே வேலை செய்பவர்களின் நரம்பைத் தாக்கும் பொருள். கழிவைச் சரியாகக் கையாளாவிட்டால் ஆறும் கெடும். பவானி ஆற்றங்கரையில் சிறுமுகை விஸ்கோஸ் ஆலை இருந்த காலத்தை மேட்டுப்பாளையம் பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் பேசுவார்கள். இதே மரக்கூழை வேறொரு கரைப்பானில் கரைத்து, அதில் 99 சதவீதத்துக்கு மேல் மீட்டுத் திரும்பப் பயன்படுத்தும் முறையும் உண்டு. அப்படி வருவது லயோசெல். வாங்குவதானால் லேபிளில் அந்தப் பெயர் இருக்கிறதா பாருங்கள்.

என்னைக் கேட்டால், முதல் மூன்று மாதத்துக்கு வீட்டில் இருக்கும் பழைய பருத்தி வேட்டியைவிட நல்லது எதுவும் இல்லை. பல வருடத் துவையலில் அதிலிருந்த கஞ்சியும் பூச்சும் போய்விட்டிருக்கும், இழையும் இளகியிருக்கும். புதுத் துணிதான் போடவேண்டும் என்றால் எதுவானாலும் ஒருமுறை அலசிவிட்டுப் போடுங்கள்.

கேள்வி: நொய்யல் பாசனத்தில் வளர்ந்தவன் நான். எங்கள் கிணறு உப்பாகி, தென்னை காய்ப்பு நின்றதைக் கண்ணால் பார்த்தவன். இப்போது எல்லாம் சரியாகிவிட்டது என்கிறார்கள். உண்மையா?
(வாசகர், காங்கேயம்)

பதில்: உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன் ஐயா. நான் பார்த்த தொழிலின் செலவை உங்கள் கிணறு கட்டியது. அந்த உப்பு எங்கிருந்து வந்தது என்பதை எல்லா வாசகரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

பருத்தி தண்ணீரில் நனைந்தால் அதன் மேற்பரப்பில் எதிர் மின்னேற்றம் இருக்கும். பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயத்துக்கும் அதே எதிர் மின்னேற்றம். ஆகவே துணியும் சாயமும் ஒன்றையொன்று தள்ளும். இடையில் உப்பைக் கொட்டினால் இந்தத் தள்ளல் அடங்கி, சாயம் துணிப் பக்கம் போகும். பிறகு சோடா சாம்பல் சேர்த்து 60 டிகிரி சூட்டில் வைத்தால் சாயம் இழையோடு வேதிப்பிணைப்பாகப் பிடித்துக்கொள்ளும். உப்பு எதிலும் பிடிப்பதில்லை. போட்டது அத்தனையும் அப்படியே சாக்கடைக்கு வரும்.

எவ்வளவு உப்பு என்றால், கறுப்பு, நேவி புளூ மாதிரி அடர் நிறங்களுக்கு லிட்டருக்கு 80 கிராம் வரை சாதாரணமாகப் போகும். இன்றைய சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் ஒரு கிலோ துணிக்கு 6 லிட்டர் தண்ணீர் என்று வைத்தால் ஏறக்குறைய அரைக் கிலோ உப்பு. உங்கள் கிணறு கெட்ட காலத்தில் இருந்த பழைய வின்ச் தொட்டிகளில் ஒரு கிலோ துணிக்கு 15 முதல் 20 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். கணக்குப் போட்டால் ஒரு கிலோ துணிக்கு ஒரு கிலோவுக்கு மேல் உப்பு. சாயத்திலும் எல்லாம் பிடிக்காது. பிடிக்காமல் நின்ற சாயம் கழுவு நீரோடு போகும்.

நிறத்தைப் பார்த்துத்தான் ஊர் பயந்தது. ஆற்றில் சிவப்பாக ஓடினால் செய்தியாகும். நுண்ணுயிரிகளை வைத்துச் சுத்திகரித்தால் நிறத்தையும் அழுக்கையும் ஓரளவு எடுத்துவிடலாம், கரைந்த உப்பை எடுக்க முடியாது. ஆரம்பத்தில் கட்டிய பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் தெளிந்த நீரை வெளியே விட்டன, உப்போடு. நொய்யலின் குறுக்கே 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் அந்தத் தண்ணீர்தான் வந்து நின்றது. பாசனத்துக்குக் கட்டிய அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று பாசன விவசாயிகளே போராடினார்கள் என்றால் அது எவ்வளவு பெரிய துயரம். வழக்கு பல வருடம் நடந்து, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவை ஆலைகளை மூட உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட ஆலைகள் நின்றன.

அதன் பிறகுதான் ஒரு சொட்டும் வெளியே விடாத முறை உண்மையிலேயே நடைமுறைக்கு வந்தது. கழிவு நீரை ஆர்.ஓ. சவ்வுகளில் பல கட்டமாக வடிக்கிறார்கள். நல்ல தண்ணீர் 90 சதவீதத்துக்கு மேல் பட்டறைக்கே திரும்புகிறது. மிஞ்சும் உப்புக் கரைசலை எவாப்பரேட்டரில் காய்ச்சுகிறார்கள். சாயத்துக்குப் போடும் உப்பான சோடியம் சல்பேட்டைப் பிரித்து மறுபடி சாயத்துக்கே எடுத்துக்கொள்கிறார்கள். இவ்வளவு பெரிய ஒரு சாயத் தொழில் ஊர் முழுக்க இப்படி மாறியது லேசான காரியம் இல்லை, அதை மனமாரப் பாராட்டுகிறேன்.

எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை ஐயா. பிரிக்க முடியாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாக ஷெட்டுகளில் கிடக்கிறது. அதை என்ன செய்வது என்பதற்கு முழு விடை இன்னும் இல்லை. காய்ச்சுவதற்கு நீராவி வேண்டும், நீராவிக்கு விறகோ கரியோ வேண்டும். அனுமதி வாங்காமல் ஒதுக்குப்புறத்தில் ஓடும் பட்டறைகள் பற்றிய செய்திகளும் நின்றபாடில்லை. நிலத்தடியில் ஏற்கெனவே இறங்கிய உப்பு அவ்வளவு சீக்கிரம் வெளியேறாது, மழை வருடக்கணக்கில் பெய்து கழுவ வேண்டும். உப்பைக் குறைத்து ஏறும் சாயங்கள் இப்போது இருக்கின்றன. விலை கூடுதல். அந்த விலையை பையர் கொடுக்க வேண்டும். பட்டறைக்காரரை மட்டும் நெருக்கிவிட்டு டி-ஷர்ட்டை அதே விலைக்குக் கேட்பது நியாயம் ஆகாது.

கேள்வி: ஒரு காட்டன் டி-ஷர்ட்டுக்கு 2,700 லிட்டர் தண்ணீர் செலவாகிறதாம். அப்படியென்றால் பருத்தி உடுத்துவதே தவறா?
(வாசகர், சென்னை)

பதில்: அந்தக் கணக்கில் வானத்திலிருந்து செடி மேல் விழுந்த மழையும் சேர்த்தி. இந்தியப் பருத்தி நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மானாவாரி. கோவில்பட்டிக் கரிசலில் வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைக்கும் பருத்திக்குப் போன மழை, பருத்தி இல்லையென்றால் சோளத்துக்கோ உளுந்துக்கோ போயிருக்கும். மத்திய ஆசியாவில் கதை வேறு. 1960-களிலிருந்து ஆமு தரியா, சிர் தரியா ஆறுகளைப் பருத்திக்காகத் திருப்பியதில் ஏரல் கடலின் பெரும்பகுதியே வற்றிப்போனது. இரண்டையும் ஒரே எண்ணால் அளந்தால் கரிசல் விவசாயிக்கு அநியாயம். எந்த ஊர்ப் பருத்தி, எந்த நீர் என்று கேட்டுவிட்டுத்தான் அந்த எண்ணை எடுக்க வேண்டும்.

'ஆர்கானிக்' என்ற சொல்லிலும் இதே எச்சரிக்கை வேண்டும். 2020-இல் இந்தியாவில் 20,000 டன் பருத்திக்குப் போலிச் சான்றிதழ் காட்டப்பட்டதாக, ஆர்கானிக் துணிக்கான சர்வதேசத் தரச்சான்றை நடத்தும் ஜி.ஓ.டி.எஸ். அமைப்பே அறிவித்தது. சான்றிதழ் எண்ணை லேபிளில் போட்டிருந்தால் அந்த அமைப்பின் இணையதளத்தில் நீங்களே சரிபார்க்கலாம்.

கேள்வி: பாட்டிலை உருக்கிச் செய்த பாலியெஸ்டர் சட்டை சுற்றுச்சூழலுக்கு நல்லதுதானே?
(வாசகி, ஓசூர்)

பதில்: புதிதாகக் கச்சா எண்ணெயிலிருந்து செய்வதைவிட மேல். ஆனால் பாட்டில் மறுபடி பாட்டிலாகலாம், பல சுற்று வரும். சட்டையானால் பெரும்பாலும் அத்தோடு முடிந்தது. துவைக்கும்போது நுண்ணிழைகள் உதிர்ந்து தண்ணீரில் போவதும் பாட்டிலிலிருந்து வந்த பாலியெஸ்டருக்கும் புதியதற்கும் பொது.

உலகில் தயாராகும் இழைகளில் பாதிக்கு மேல் இன்று பாலியெஸ்டர்தான். அதை ஒழித்துவிடலாம் என்று நான் சொல்ல மாட்டேன். குடை, மழைக்கோட்டு, பள்ளிப் பை, விளையாட்டுச் சீருடை இவற்றுக்கு அது பொருத்தம், வருடக்கணக்கில் உழைக்கும். உடம்போடு ஒட்டி நாள் முழுக்கப் போடும் துணிக்கு நம் புழுக்கத்தில் அது சரிப்படாது. பருத்தி தன் எடையில் 8.5 சதவீதம் ஈரம் பிடிக்கும் என்றால் பாலியெஸ்டர் பிடிப்பது 0.4 சதவீதம். எந்தத் துணியில் என்ன கலந்திருக்கிறது என்று சந்தேகமாக இருந்தால் ஓரத்து நூல் ஒன்றை இடுக்கியில் பிடித்துப் பற்றவையுங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். பட்டும் கம்பளியும் முடி கருகும் நாற்றம் அடிக்கும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டி மணியாக நிற்கும், சூட்டோடு தொட்டால் விரல் பொத்துப்போகும். நூலாக மட்டும் சோதியுங்கள், துணியைக் கொளுத்த வேண்டாம்.

கேள்வி: பனியன் கம்பெனிகளில் வெட்டிக் கழிக்கும் துண்டுத் துணி என்ன ஆகிறது? பழைய துணியையும் அப்படிப் புதிதாக்க முடியாதா?
(வாசகர், கரூர்)

பதில்: உங்கள் ஊருக்கே வருகிறது. கட்டிங் வேஸ்ட்டை நிறம் நிறமாகப் பிரித்து, மெஷினில் கிழித்துப் பஞ்சாக்கி, தடித்த நூலுக்கான ஓப்பன் எண்ட் மில்களில் மறுபடி நூற்கிறார்கள். கிழிபடும்போது இழை குட்டையாகிவிடும், அதனால் 10, 20 நம்பர் மாதிரித் தடித்த நூல்தான் வரும். மிதியடி, போர்வை, துடைக்கும் துணி, கையுறை என்று போகும். இதில் எனக்குப் பிடித்த விஷயம், சிவப்புத் துண்டுகளைத் தனியாகக் கிழித்தால் சிவப்பு நூலே வரும். மறுபடி சாயம் வேண்டாம், உப்பும் வேண்டாம். பிரிக்கும் வேலையைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். கடை விளக்கு வெளிச்சத்தில் நமக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு நீலங்களைக் கைபட்டதும் வேறு வேறு குவியலில் போடுவார்கள்.

உடுத்திக் கழித்த துணி வேறு. அதில் பட்டன், ஜிப், பாலியெஸ்டர் தையல் நூல், லைக்ரா எல்லாம் கலந்திருக்கும். கம்பளித் துணியை ஹரியானாவின் பானிப்பட்டில் கிழித்துப் போர்வையாக்குகிறார்கள். மற்றபடி உலகம் முழுக்கப் பார்த்தால் உடுத்திய துணி மறுபடி உடுத்தும் துணியாவது 1 சதவீதத்துக்கும் குறைவு. பாலியெஸ்டர்-பருத்திக் கலப்பைப் பிரிப்பதுதான் ஆகச் சிரமம். மறுசுழற்சி நடக்கிறது என்று நம்பி அதிகம் வாங்குவதில் அர்த்தமில்லை. தையல் விட்டால் தைத்துப் போடுங்கள்.

கேள்வி: புதுக் கறுப்பு டி-ஷர்ட்டை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் சாயம் போகாது என்கிறார் மாமியார். சரியா அம்மா?
(வாசகி, பொள்ளாச்சி)

பதில்: காங்கேயம் ஐயாவுக்கு எழுதியதில் இதற்கும் காரணம் இருக்கிறது. உப்பு சாயத்தைத் துணிப் பக்கம் தள்ளும், பிடித்துவைக்காது. ஊறும் வாளியில் தண்ணீர் தெளிவாக நிற்கும், அதைப் பார்த்துத்தான் இந்த வழக்கம் வந்திருக்க வேண்டும். அடுத்த துவையலில் நல்ல தண்ணீர் பட்டதும் மறுபடி வரும். வருகிற சாயம் இழையில் பிணையாமல் மேலே ஒட்டி நின்றது, பட்டறையிலேயே சோப்புப் போட்டு வெந்நீரில் அலசி எடுத்திருக்க வேண்டியது. தண்ணீரையும் நீராவியையும் மிச்சம் பிடிக்க அந்த அலசலைக் குறைத்தால் உங்கள் வீட்டுக்கு வருகிறது.

முதல் இரண்டு மூன்று துவையலை மட்டும் தனியாகப் போடுங்கள். அதற்குள் பெரும்பாலும் நின்றுவிடும். அப்புறமும் வந்துகொண்டே இருந்தால் ஒரு வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து, கறுப்பின் மேல் பத்து முறை தேயுங்கள். கூடத்தில் நாங்கள் மெஷினில் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான். வெள்ளையில் நன்றாகக் கறை ஏறினால் கடையில் கொண்டுபோய்க் கொடுத்து மாற்றிக் கேளுங்கள். மற்றபடி உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, பச்சைத் தண்ணீரில் துவைத்து, நிழலில் காயப்போட்டால் போதும். மாமியாரிடம் உப்பைச் சமையலுக்கே வைத்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.